ஒரு ஆள் போதும்

அத்தியாயம் 11

புதன்கிழமை சாயங்காலம் அந்த ஹீட் பிரஸ் மெஷினை வீட்டுக்குள் இறக்கிவைத்த விற்பனைக்காரன் கிருஷாந்த், "சனிக்கிழமை ஆறு மணிக்கு வருவன் அக்கா, வேணுமா வேணாமா எண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான் அல்லவா? அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தான் விடிந்திருக்கிறது. இந்திராதேவிக்கு இன்னும் பதில் பிடிபடவில்லை.

டீசட்டையில் எழுத்து அடிக்கிற மெஷின்தானே, இதில் மூணு நாள் யோசிக்க என்ன இருக்கிறது என்று குருபோங் தாமான் குடியிருப்பில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு அவள் வீட்டுக் கார் போர்ச்சில் கிடக்கும் மேசையைப் பற்றித் தெரியாது.

கார் வாங்கும் யோகம் அந்த வீட்டுக்கு வரவில்லை. கார் நிற்க வேண்டிய இடத்தில் மேசை நிற்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் கவிநேசன் பலகை வாங்கித் தன் கையாலேயே அடித்த மேசை. சில்க் ஸ்கிரீன் வேலைக்கென்று, இரண்டு ஆளுக்கென்று செய்தது. சட்டையை விரித்து அதன்மேல் எழுத்து வடிவில் மட்டும் மை இறங்குகிற வலைத்துணி கட்டிய பிரேமை வைத்ததும், கழுத்துப் பக்கம் நிற்கிற ஆள் அதை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடுப்புப் பக்கம் நிற்கிற ஆள் ரப்பர் கட்டையால் மையை இழுக்க வேண்டும். பிடிக்கிறது இந்திராதேவி, இழுக்கிறது கவிநேசன். ஒன்பது வருஷமும் அப்படித்தான்.

பிரேமுக்கு இரண்டு கீல் வைத்தால் ஒருத்தரே அடித்துவிடலாமே என்று அவள்தான் ஒரு தடவை கேட்டாள். மலாக்கா டவுனில் ஒரு சீனர் கடையில் அப்படிப் பார்த்திருந்தாள். கவிநேசன் அவள் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

"கீல் வெச்சா அப்புறம் நீ எதுக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் நாலு நாள் பூரித்துக் கிடந்தாள் அசட்டுப் பெண்.

ஒன்பது மாசத்துக்கு முன் சிங்கப்பூரில் பெரிய அச்சுத் தொழிற்சாலையில் வேலை, ஆறே மாசம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஒன்பதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போன் மட்டும் தவறாமல் வரும். பொதுப் போனில் காசு கடகடவென்று விழும், "காசு தீருது, வெக்கிறேன்" என்பார், அவ்வளவுதான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை காசு விழுகிற சத்தமே இல்லாமல் அஞ்சு நிமிஷம் பேசினார். திருவிழாவுக்கும் லீவு இல்லை என்று சொல்லத்தான் பேசினார். இருந்தாலும் அஞ்சு நிமிஷம்! அதை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள் இந்திராதேவி. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவளுக்கு அஞ்சு நிமிஷம் பெரிய விஷயம்.

மகள் ஷாந்தினி இருக்கிறாளே என்பீர்கள். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை செய்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, வீடு என்பது தூங்குகிற இடம்.

இன்று காலை அவள் தூங்கவில்லை. எட்டு மணிக்கே மேசையருகே வந்து, அப்பா நிற்கிற பக்கத்தில் நின்றாள். எண்பது மஞ்சள் சட்டை, சிவப்பு மை. டுரியான் துங்காலுக்கு உள்ளே இருக்கிற தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆர்டர். நாளைக்கு மஞ்சள் நீராட்டு. சாமி ஊர்வலம் முடிந்ததும் மஞ்சள் தண்ணீரை மொண்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் ஊற்றிக்கொள்கிற நாள்.

"ம்மா, இன்னிக்கு மெஷின்காரரு வராரு. என்ன சொல்லப் போறீங்க?"

"பார்க்கலாம்."

"எதைப் பார்க்கறது? அடுத்த வாரத்துலேர்ந்து நான் லைன் லீடர். தினமும் காலை ஷிஃப்ட்டு, லீவே கிடையாது. இந்த மேசைகிட்ட நிக்க ஆளு இல்ல லா. அந்த மெஷின்னா பேப்பரை வெச்சு மூடியை அமுக்கினா முடிஞ்சது. ஒரு ஆள் போதும்."

ஒரு ஆள் போதும். கிருஷாந்தும் புதன்கிழமை அதைத்தான் சொன்னான், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. விற்கிறவன் சொன்னபோது வராத வலி மகள் சொன்னபோது வந்தது.

"மஞ்சத் தண்ணியில ஊறப் போட்டுப் பார்த்தேன்டி. மெஷின்ல அடிச்ச எழுத்து முறுக்கிப் பிழிஞ்சதும் வெடிச்சுப் போச்சு. நம்ம எழுத்து அப்படியே இருக்கு. கொடியில கிடக்கு, போய்ப் பாரு."

"மெஷின்ல குறை கண்டுபிடிக்கணும்னே ஊறப் போட்டிருக்கீங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மகள் அந்தப் பழமொழியைச் சொல்லவில்லை, முகத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். இந்திராதேவிக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? சட்டை வெடித்ததைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது கவலையா? இல்லை, சந்தோஷம். மெஷினைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம். இரண்டு ஆள் நிற்கிற மேசை இருக்கிறவரை இன்னொரு ஆள் வந்துதானே ஆக வேண்டும்?

"அம்மா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து இழுங்க. எனக்குக் கை வலிக்குது."

"நீயே இழு. எனக்கு இந்தப் பக்கந்தான் பழக்கம்."

"இது அப்பா பக்கம்னு சொல்லுங்க."

"ஆமா. அவரு வந்துட்டா..."

"அப்பா வர மாட்டாரும்மா."

சட்டென்று வந்தது அந்த வார்த்தை. கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டு மையை இழுத்தாள். "அடுத்த சட்டை வைங்க" என்றாள்.

பதினொன்றரைக்குள் எண்பதும் முடிந்தது. கழுத்து இழுபடக்கூடாது என்று சட்டைகளைத் தலைகீழாகத்தான் கொடியில் தொங்கவிடுவார்கள். நல்ல வெயில். ஒரு மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டன. ஒன்றேகாலுக்குத் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. ஷாந்தினி சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே ஓடினாள்.

பஸ் திரும்பிய மூலையில் தம்புசாமியின் வேன் வந்தது. தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவர், கோயில் தலைவர், வாயைத் திறந்தால் கேலி. உறவு இல்லாவிட்டாலும் இந்திராதேவிக்கு மாமா.

"என்ன தாயி, ஆயிடுச்சா? ஒண்ணு குடு, போட்டுப் பார்க்கிறேன். தொப்பைக்குப் பத்தலேன்னா ஆத்தாகிட்ட உன்னைத்தான் சொல்லுவேன்."

சட்டையை நெஞ்சோடு வைத்துக் குனிந்து பார்த்தார். கேலி நின்றது. அதை மேசையில் விரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஸ்ரீ மகா... மா-ரி-ய-ம-ம-ன... ஆ-ல-ய-ம. மஞசள நீராடடு விழா. என்ன தாயி இது? எந்த ஊரு பாஷை?"

இந்திராதேவி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

புள்ளிகளைக் காணோம். மெய்யெழுத்துக்குத் தலையில் வைக்கிற புள்ளி ஒன்றுகூட இல்லை. எண்பது சட்டையிலும் இல்லை.

பிரேமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்ததும் புரிந்தது. பிரேம் செய்கிற கடையில் தூசி விழுந்து சின்னச் சின்ன ஓட்டை உண்டானால் பசை வைத்து மூடிவிடுவார்கள். மூடினால்தான் நல்ல வேலைக்காரர். யாரோ ஒரு நல்ல வேலைக்காரர், தமிழ் தெரியாத மகராசர், எழுத்துக்கு மேலே இருந்த புள்ளியெல்லாம் தூசி என்று நினைத்து, ஒன்று விடாமல் மூடியிருக்கிறார்!

ஒன்பது மாசமாகப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, யூனியன் கூட்டம் என்று மலாயும் ஆங்கிலமுமாகத்தான் அடித்தார்கள். கவிநேசன் போன பிறகு வந்த முதல் தமிழ் ஆர்டர் இது. ஷாந்தினி மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவளோ கழுத்துப் பக்கம் நின்று காலையெல்லாம் எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது முறை கண் முன்னால் போயும் கண்ணில் படவில்லை. 'நீங்க வந்து இழுங்க' என்று மகள் கூப்பிட்டபோது ஒரு தடவை அந்தப் பக்கம் போய் நின்றிருந்தால் முதல் சட்டையிலேயே தெரிந்திருக்கும்.

கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்து பதிவுக் கருவி பேசியது, நடந்ததை அதில் கொட்டிவைத்தாள். சனிக்கிழமை, ஒரு மணியோடு கடை மூடிவிடுவார்கள்.

பிரேம் செய்யக் கொடுக்கிற பழைய எழுத்துப் பிலிம்களை வைத்திருந்த டிராயரை இழுத்தாள். கவிநேசன் கடைக்குக் கொடுத்தனுப்பிய உறைகள். தமிழ் ஆர்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பேனாவில் ஒரே வரி, மலாயில்: 'தித்திக் ஜாங்கான் தூத்துப்.' புள்ளியை மூடாதே. ஒன்பது வருஷமாக இந்த உறைகளை அடுக்கிவைத்தவள் அவள். அந்த வரியை ஒரு நாளும் வாசித்ததில்லை. வாசிக்க வேண்டிய வேலை அவருடையது என்று இருந்துவிட்டாள்.

தம்புசாமி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சு மணிக்கு நான் திரும்பி வருவேன் தாயி. அதுக்குள்ள கையால வெச்சுர முடியுமா? புள்ளிதானே. ஆத்தாவுக்குப் பொட்டு வெக்கிறதா நெனச்சுக்க. சுமங்கலி கையால வெக்கிற பொட்டு, அவ ஏத்துக்குவா."

சுமங்கலி என்ற வார்த்தை அவளை என்னவோ செய்தது. "வெச்சிடறேன் மாமா" என்றாள்.

ஒரு சட்டைக்கு ஆறு புள்ளி. எண்பது சட்டைக்கு நானூற்றெண்பது. கொடியில் போட்டுக் காயவைக்க நேரம் இல்லை. கூடத்தில் கிடந்த ஹீட் பிரஸ்தான் கண்ணில் பட்டது. மூணு நாளாக முறைத்துக்கொண்டிருந்த மெஷினைப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். சூடேறியது. புள்ளி வைத்த சட்டையை அதில் வைத்து, மேலே பேக்கிங் பேப்பர் போட்டு மூடினால் பத்து எண்ணுவதற்குள் மை இறுகிவிடுகிறது. வேண்டாத மருமகளும் விருந்து நாளில் கைகொடுப்பாள்.

ஆனால் புள்ளி வைக்க எழுத்து நேராகத் தெரிய வேண்டும். சட்டை விரிக்கிற பலகையை இடுப்புப் பக்கம் பார்த்தே அடித்திருந்ததால், நேராகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். சிமெண்டுத் தரையில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். யாரோ கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்ட வீட்டு வாசலில் நிற்பது போல் இருந்தது.

முதல் பத்துச் சட்டைக்கு நேரம் பிடித்தது. அப்புறம் பழகிவிட்டது. ம-வுக்கு ஒன்று, ன-வுக்கு ஒன்று, கடைசி ம-வுக்கு ஒன்று. கீழ் வரியில் மூன்று. மூடி, பத்து எண்ணி, எடுத்து, மடித்து, அடுத்தது. வீட்டில் பேச்சு இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தார்கள்.

முப்பதாவது சட்டையோ என்னவோ, கழுத்து வலிக்கிறதே என்று நிமிர்ந்தாள்.

நேர் எதிரே கேட் தெரிந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டு மூலையில் பஸ் நிற்கிற இடம், அதைத் தாண்டி டவுனுக்குத் திரும்புகிற சாலைவரை பளிச்சென்று தெரிந்தது. அவள் வழக்கமாக நிற்கிற பக்கத்திலிருந்து இதில் எதுவுமே தெரியாது. அங்கே நின்றால் சுவரும் காலண்டரும் கவிநேசன் முகமும்தான்.

வேலைக்கு நடுவே அவர் அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பார். பார்த்துக்கொண்டே நிற்பார், சில சமயம் லேசாகச் சிரிப்பார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று இந்திராதேவி தலையைக் குனிந்துகொள்வாள். கலைந்த முடியை ஒதுக்கிக்கொள்வாள். ஒரு காலத்தில் அதற்காகவே கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு வேலைக்கு நின்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்திருக்கிறார்.

அழுகை வந்தது. அழுதால் சட்டையில் விழும். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த புள்ளியை வைத்தாள்.

ஐந்து மணிக்குத் தம்புசாமி வந்தபோது எண்பதும் மடித்து அட்டைப்பெட்டியில் இருந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்து அவர் உரக்க வாசித்தார். "மாரி-யம்-மன்! ஆ-ல-யம்! இப்பத்தான் தாயி ஆத்தா மூஞ்சியில களை வந்திருக்கு." நாளைக்கு வந்துவிடு, பிரசாதம் வாங்கிக்கொண்டு போ என்று ஒரு தடவைக்கு மூணு தடவை சொல்லிவிட்டுப் போனார். வேன் போனதும் வீடு முன்னைக்கு இப்போது பெரிசாகத் தெரிந்தது.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது போன் அடித்தது. சனிக்கிழமையில் யார்?

பிரேம் கடைத் தவுக்கே, முதலாளி. சீனர், நல்ல மனுஷர். கடையில் ஏதோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தாராம். அவள் மதியமே கடைப் பதிவுக் கருவியில் விட்டிருந்த புலம்பலைக் கேட்டிருக்கிறார். மலாயில் படபடவென்று மன்னிப்புக் கேட்டார்.

"ஐயோ கவி வீட்டம்மா, புதுசா சேர்ந்த பொண்ணு செஞ்ச தப்பு. தூசின்னு நெனச்சு மூடிட்டா. திங்கக்கிழமை புது பிரேம் சும்மாவே செஞ்சு தரேன். நானும் அவகிட்டச் சொல்லிவெச்சிருக்கணும். உன் வீட்டுக்காரர் வந்தப்போ இந்தப் பிரச்சினை வரல. அவரே பக்கத்துல நின்னு, புள்ளியைத் தொடாதேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு."

"அது போன வருஷம் தவுக்கே."

"போன வருஷமா? இல்லம்மா. போன வாரம். வியாழக்கிழமை. புக்கிட் ரம்பாய் கடைக்குன்னு ரெண்டு பிரேம், தமிழ் எழுத்து. மோட்டார் சைக்கிள்ல கட்டி எடுத்துட்டுப் போனாரே. கடை உங்களுதுதானே?"

இந்திராதேவி ரிசீவரைக் காதிலிருந்து இறக்கினாள். அந்த நல்ல மனுஷர் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு, லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பிரேம் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து பேசுகிறேன் என்று பேசியிருக்கிறார். காசு விழுகிற சத்தமே இல்லாமல் அஞ்சு நிமிஷம். எப்படி விழும்? புக்கிட் ரம்பாயிலிருந்து குருபோங்குக்குப் பேச எத்தனை காசு வேண்டும்? இருபது நிமிஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் வந்துவிடுகிற தூரம் அது. அந்த அஞ்சு நிமிஷத்தை அவள் அன்பு என்று நினைத்து ஒரு வாரம் வைத்து வாழ்ந்திருக்கிறாள்.

பிறகு போர்ச்சுக்குப் போய், கவிநேசனின் ஆணி டின்னைத் தரையில் கவிழ்த்தாள். பழைய சமையலறை அலமாரியிலிருந்து கழற்றிய கீல்கள் இரண்டு, லேசாகத் துருப்பிடித்து, அதில் கிடந்தன.

கிருஷாந்த் சொன்னபடி ஆறு மணிக்கு வந்தான். டை கட்டியிருந்தான், வியர்த்திருந்தான். ஸ்குரூ டிரைவரும் கையுமாக மேசைமேல் குனிந்திருந்தவளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான்.

"என்ன மாதிரி அக்கா? முடிவெடுத்திட்டீங்களா?"

"எடுத்துட்டேன் தம்பி. உங்க மெஷின் நல்ல மெஷின். இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்திச்சு. ஆனா மஞ்சத் தண்ணிக்கு அந்தப் பேப்பர் எழுத்து நிக்கல. இனிமே கோயில் ஆர்டரையும் விடப் போறதில்ல. கொண்டு போயிடுங்க."

"அக்கா, அண்ணை வரும்வரைக்கும் எண்டாலும் வெச்சிருங்கோவன். இந்த மேசைக்கு ரெண்டு பேர் வேணுமெண்டு நீங்கதானே சொன்னீங்க. இதெண்டா..."

"ஒரு ஆள் போதும்னு சொல்லப் போறீங்க."

அவன் அசடு வழியச் சிரித்தான்.

இந்திராதேவி கடைசித் திருகை முறுக்கினாள். கழுத்துப் பக்கம், ஒன்பது வருஷம் அவள் கை அழுத்திப் பிடித்த அதே இடத்தில், இரண்டு கீலும் உட்கார்ந்துவிட்டன. இடுப்புப் பக்கம் வந்து நின்று, ஒற்றைக் கையால் பிரேமைத் தூக்கினாள். இறக்கினாள். இம்மி நகராமல் அதே இடத்தில் வந்து படுத்தது.

"இதுக்கும் ஒரு ஆள் போதும் தம்பி" என்றாள்.

கிருஷாந்த் மெஷினைத் தூக்கிக் காரில் ஏற்ற அவளே ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள். கார் போனது. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். ரோட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

'அப்பா வர மாட்டாரும்மா.' பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னாளே. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாளே. ஷாந்தினி வேலை செய்கிறது எங்கே? புக்கிட் ரம்பாயில்.

ஷிஃப்ட் முடிந்து பஸ் பத்தரைக்கு வரும். இந்திராதேவி விளக்கைப் போடவில்லை. மேசைக்கு இந்தப் பக்கமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத் தெரிகிறது.